மிதித்தது கீழே வந்து சேரவில்லை

கிளட்ச் சரியில்லை என்று எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாலும் முதலில் வரும் கேள்வி, "மேல் பம்ப் மாத்தியாச்சா, கீழ் பம்ப் மாத்தியாச்சா?" மேல் பம்ப் என்பது பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்; கீழ் பம்ப், அந்த எண்ணெயால் ஒரு கம்பியைத் தள்ளிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். இரண்டும் மாற்றியாயிற்று என்றால் அடுத்த பேச்சு தயாராக இருக்கும்: "அப்போ கியர்பாக்ஸ் எறக்கணும்." என் மாமாவின் லேண்ட் குரூசருக்கு இந்த மூன்றும் நடந்தன. பணமும் கரைந்தது. அப்புறமும் வண்டி சூடேறினால் ரிவர்ஸ் விழவில்லை.

அதை எப்படித் தேடிப் பிடித்தோம் என்று விரிவாக எழுத நினைத்ததற்குக் காரணம், கடைசியில் உடைந்த சாமான் என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமே இல்லாமல் போனதுதான். மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. தனித்தனியே பார்த்தால் எந்தப் போமெனும் (மெக்கானிக்கும்) "இது ஓகே" என்று சொல்லிவிடக்கூடிய அளவு. மூன்றும் சேர்ந்தபோது வண்டி மலையில் நின்றுவிட்டது.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மர (ரப்பர்) காடாக இருந்து இப்போது பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட ஊர். 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்டத் துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை விட்டு லாசா பக்கம் போனால் பிளஸ் ஆறும், அதைத் தாண்டி தெமியார் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களும் வரும். உள்ளே இருக்கும் சில கிராமங்களுக்குத் தார் ரோடு கிடையாது. சிவப்பு மண், மழை பெய்தால் வழவழப்பு, ஏற்றம் என்றால் கண்ணுக்கு நேரே வானம் தெரியும் ஏற்றம். மாமா தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அரிசி, கேஸ் தோம்பு (சிலிண்டர்), சிமெண்ட், சில நேரம் உடம்புக்கு முடியாதவர்கள் என்று அந்தக் கிராமங்களுக்கும் ஊருக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறார். அவருடைய வண்டி எழுபதாம் வரிசை டீசல் லேண்ட் குரூசர். அந்த வரிசை 1984இல் வந்தது. இன்றைக்கும் அந்த மண்ணில் அதை விட்டால் வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்பார்.

அப்படிப்பட்ட ரோட்டில் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் ஒரே வழி, உடனே ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே எஞ்சின் பிடியில் இறங்குவது. அந்த நேரத்தில் ரிவர்ஸ் "கர்ர்" என்று கத்திக்கொண்டு விழாமல் இருந்தால், பிரேக்கை மட்டும் நம்பிப் பின்னால் சறுக்க வேண்டும். பின்னால் ஆறு. பெட்டியில் ஆட்கள் இருந்தால் அந்தச் சில வினாடிகளை எழுத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கோளாறு எனக்கு வெறும் ரிப்பேர் விஷயமாக இருக்கவில்லை.

நோய்க்குறி இதுதான். காலையில் எல்லாம் சரி. லோ கியரில் நெடுநேரம் ஏறி, எஞ்சின் நன்றாகச் சூடானதும், கிளட்ச்சை முழுவதும் மிதித்து நின்றாலும் வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கும். ரிவர்ஸ் கத்தும். மரத்தடியில் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் ஒழுங்காகிவிடும். பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும் என்பதால் அங்கே போனால் எப்போதும் நல்ல பிள்ளை.

பட்டறை அண்ணன் நேர்மையான மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் கீழ் பம்பில் கசிவு இருந்தது, மாற்றினார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. "பெடல் பட்டு மாதிரி இருக்குடா தம்பி" என்று மாமா சந்தோஷமாகச் சொன்னார். இந்த வாக்கியம் பின்னால் எனக்கு ரொம்ப உதவியது. மறுபடி கோளாறு வந்ததும் மேல் பம்ப். அதற்கப்புறம் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாம் புதுசு. பழைய பிளேட்டை நானும் பார்த்தேன், பாதிதான் தேய்ந்திருந்தது.

நான் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். பழத்தைப் பிழியும் எங்கள் ஸ்குரூ பிரஸ்ஸில் கோனைத் தள்ளிப் பிடிப்பதும், கிளட்ச்சைப் போலவே, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக்தான். அங்கே பழகிய ஒன்றைத்தான் மாமாவின் வண்டியிலும் செய்தேன். எண்ணெய் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வந்து வேலை செய்கிறது என்று அளப்பது. கிளட்ச் விஷயத்தில் பெரும்பாலோர் நம்புவது காலின் உணர்வை. பெடல் கெட்டியாக இருக்கிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா? அது ஓரளவுக்குத்தான் சொல்லும். கீழ் பம்பின் தள்ளுகம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதைக் கால் சொல்லாது. ஒரு இரும்பு ஸ்கேலும் உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். அந்த ஒரு அளவு கையில் இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். கம்பி போதிய தூரம் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் நோய் கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல்ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கிறது: வளைந்த ஃபோர்க், இறுகிப்போன பைலட் பேரிங், ஆற்றுத் தண்ணீர் புகுந்து ஸ்பிளைனில் துருவோடு ஒட்டிக்கொண்ட பிளேட், இப்படி ஏதாவது. கம்பியே போதிய தூரம் நகரவில்லை என்றால் உள்ளே இருப்பதைத் தொடவே வேண்டாம், வெளியேதான் தேட வேண்டும்.

போதிய தூரம் என்பது எவ்வளவு? அதையும் வண்டியிடமே கேட்கலாம். சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு நன்றாக முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணைத்து, டூ வீல் டிரைவில் கியரைப் போட்டுவிட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். இப்போது அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றாது, எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும். மாமா பெடலைத் துளித்துளியாக அமுக்க, மாமா மகன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க, நான் கீழே படுத்து ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பி 12.5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தபோது சக்கரம் விடுபட்டது. அப்புறம் முழுவதும் மிதிக்கச் சொன்னேன். 13.5. அதாவது, குளிர்ந்த வண்டியிலேயே கையிருப்பு ஒரே ஒரு மில்லிமீட்டர். லாசா ரோட்டில் ஏற்றி இறக்கி, சூடு குறையாமல் கொண்டுவந்து மறுபடி அளந்தோம். 12க்குச் சற்று மேலே. சூடேறினால் ரிவர்ஸ் விழாத மர்மம் அந்த ஸ்கேலில் தெரிந்துவிட்டது. இனி, மிதித்ததெல்லாம் வழியில் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல் பம்பின் குறுக்களவு 5/8 அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர். அதன் பிஸ்டன் முழு மிதியில் 30 மில்லிமீட்டர் உள்ளே போகிறது. அது தள்ளும் எண்ணெய் ஏறக்குறைய 6 மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் கூடுதல். கிளட்ச் முழுவதும் அந்த ஒரு டீஸ்பூன் எண்ணெயில்தான் நடக்கிறது. அதில் அரை மில்லிலிட்டர் காணாமல் போனாலும் கீழே தெரியும். கீழ் பம்ப் 13/16 அங்குலமாக இருந்தால் அந்த எண்ணெய் கம்பியை 17.7 மில்லிமீட்டர் தள்ளும். 7/8 அங்குலமாக இருந்தால் 15.3 மட்டும்தான். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வித்தியாசம். சாமான் கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடச் சட்டென்று தெரியாது. ஆனால் பரப்பளவு குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் இழப்பு இரண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

மாமாவின் பழைய கீழ் பம்பைப் பட்டறை அண்ணன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், புண்ணியவான். உடம்பில் வார்ப்பிலேயே அளவு போட்டிருக்கும். தேய்த்துப் பார்த்தால் பழையதில் 13/16. வண்டிக்கு அடியில் படுத்துத் துணியால் துடைத்துப் பார்த்தால் புதியதில் 7/8. போல்ட் துளை ஒன்றே, பைப் மரை ஒன்றே, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கடையில் "இந்த வண்டிக்கு இதுதான்" என்று கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. பெடல் பட்டுப்போல ஆனதற்கும் காரணம் இதுவே. கீழே பிஸ்டன் பெரிதானால் காலுக்குப் பாரம் குறையும், ஆனால் கம்பி நகரும் தூரமும் அதே விகிதத்தில் குறையும். பம்பை மாற்றியதும் பெடல் திடீரென்று லேசாகிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் குறுக்களவைப் பார்த்துவிடுங்கள்.

சரி, 7/8 என்றே வைத்துக்கொண்டாலும் கணக்குப்படி 15.3 வர வேண்டும். வந்தது 13.5. இன்னும் இரண்டு மில்லிமீட்டருக்குக் கணக்கு இல்லை.

எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காற்று இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, பெடலை வேகமாகப் பலமுறை மிதித்துவிட்டு உடனே அளப்பது. காற்று இருந்தால் தள்ளும் தூரம் கூடும். எங்களுக்குக் கூடவில்லை. மேல் பம்பின் ரப்பர் வாஷர் உள்ளுக்குள்ளேயே எண்ணெயைத் திரும்ப விடுகிறதா என்று பார்க்க, முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டே கம்பியைக் கவனிக்க வேண்டும். மெல்லப் பின்வாங்கினால் வாஷர் போய்விட்டது. அதுவும் இல்லை, அசையாமல் நின்றது. பெடலுக்கும் மேல் பம்பின் தள்ளுகம்பிக்கும் நடுவில் உள்ள பின் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். கொஞ்சம் தேய்மானம் உண்டு, ஆனால் பேசும் அளவுக்கு இல்லை. அந்தக் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி அவசியம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதிகத் தூரம் வேண்டும் என்று கம்பியை நீட்டி அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராமல், மேலே உள்ள எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். எண்ணெய் சூட்டில் விரியும்போது போக இடமின்றிக் கிளட்ச்சைத் தானே அமுக்கிப் பிடிக்கும், பிளேட் வழுக்கி எரியும். ஒரு கோளாறைத் தீர்க்கப் போய் அதைவிடப் பெரியதை வாங்கும் வேலை அது.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மாமாவை மிதிக்கச் சொல்லி, மேல் பம்பின் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்டன் மட்டும்தான் நகர வேண்டும், பம்ப் நகரக் கூடாது. நகர்ந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் வந்து பின்னால் போனது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில், பம்ப் போல்ட்டுக்குக் கீழே, பெயிண்ட்டுக்கு அடியில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. துரு வேறு. இத்தனை வருஷம் ஏற்றத்தில் மிதித்த மிதிகளெல்லாம் அந்தத் தகட்டின் மேல்தானே விழுந்திருக்கின்றன. தகடு வளைந்தால் அந்த 3 மில்லிமீட்டரில் எண்ணெய் தள்ளப்படுவதில்லை, 30இல் 27தான் வேலைக்கு வருகிறது. அப்போது கீழே 13.8. அளந்ததற்கும் கணக்குக்கும் இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது. அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த திருப்தி பெரியது. மேலிருந்து கீழே வருவதற்குள் 17.7, 15.3, 13.8 என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

சூட்டில் போகும் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் மட்டும் பாக்கி. பரப்பால் பெருக்கினால் அரை மில்லிலிட்டர் எண்ணெய். இரும்பு பைப் வீங்காது. வீங்கக்கூடியது அந்தச் சின்ன ரப்பர் ஹோஸ் ஒன்றுதான். அதைத் தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. எப்போதோ மாற்றியபோது தேவைக்கு மேல் நீளமான ஹோஸைப் போட்டிருக்கிறார்கள், அது தொங்கி எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மிதிக்கும்போது ஹோஸை விரல்களுக்கு நடுவில் பிடித்தால் உப்புவது நன்றாகவே தெரிந்தது. குளிர்ந்தபோது அப்படித் தெரியவில்லை.

ரப்பர் என்று வந்துவிட்டதால் ஒரு விஷயம். எங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் கூப்பிடு தூரம்தான். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877இல் நட்ட பால்மரம் ஒன்று இன்னமும் நிற்கிறது. நாட்டின் முதல் மரங்களில் ஒன்று. எங்கள் தாத்தா பாட்டி தலைமுறை பால் வெட்டியே வாழ்ந்தது. அப்படி இருந்தும், ரப்பருக்கு எந்த எண்ணெய் ஆகும், எது ஆகாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கிளட்ச்சுக்கும் ஊற்றுகிற, நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் கிளைகால் வகைத் திரவம். பழைய காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து ஊற்றியதற்குக் காரணம், அது ரப்பர் வாஷரைக் கெடுக்காது என்பதே. எஞ்சின் ஆயில், டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எல்லாம் பெட்ரோலிய எண்ணெய் வகையறா. அவற்றை அந்த டப்பாவில் ஊற்றினால் இந்த வாஷர்கள் ஊறி உப்பிவிடும், ஹோஸும் உள்ளே நொய்ந்துபோகும். தோட்டத்துப் பட்டறைகளில் அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை ஊற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அப்படி ஊற்றிவிட்டால் காற்று எடுத்துக் கழுவினால் தீராது, ரப்பர் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் நாட்டு ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 140. டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் ஹோஸில் பழைய ஈர எண்ணெய் இருந்தால் ஆவிக் குமிழிகூட உண்டாகலாம். ஆறினால் குமிழி மறைந்துவிடும், பட்டறையில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டப்பா எண்ணெய் கறுத்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மாமாவுக்கு டாட் 4 ஊற்றினோம்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 13/16 கீழ் பம்ப், சரியான நீளத்தில் புது ஹோஸ். பைப்பை எக்ஸாஸ்ட்டை விட்டுத் தள்ளி வளைத்து, நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தோம். ஃபயர்வாலுக்குப் பட்டறை அண்ணனே நின்று, விரிசலின் இரு முனையிலும் அது மேலே ஓடாமல் இருக்கத் துளை போட்டு, வெல்டிங் வைத்து, பின்பக்கம் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்தார். அது சுத்தமான வேலை. டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்ய வேண்டியது, அவர் வயதுக்குச் சுலபமில்லை.

காற்று எடுப்பதில் மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டோம். காற்று மேலே ஏறும் சாமான். பெடலை மிதித்து மிதித்து அதைக் கீழே தள்ளுவதைவிடக் கீழிருந்து மேலே அனுப்புவது சுலபம். மருந்துக் கடையில் வாங்கிய பெரிய ஊசிக் குழாயில் புது எண்ணெயை நிரப்பி, ஒரு ரப்பர் குழாயால் கீழ் பம்பில் காற்று எடுக்கும் நிப்பிளில் மாட்டி மெதுவாக அழுத்தினோம். மேலே டப்பாவில் குமிழிகள் வரிசையாக வந்து, பிறகு நின்றன. டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தத் திரவம் பெயிண்ட்டை உரித்துவிடும். கீழ் பம்ப் மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் எவ்வளவு எடுத்தாலும் ஒரு குமிழி உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு அளந்தோம். குளிரில் 17.5. லாசா தாண்டி, வழக்கமாக நின்றுபோகும் ஏற்றத்தில் சாமானோடு ஏற்றி, பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு இறங்கி, மறுபடி ஏறி, அங்கேயே சூட்டோடு அளந்தபோது 17. சக்கரம் விடுபட வேண்டிய 12.5க்கு மேல் நாலரை கையிருப்பு. இந்த அளவுகளையும் எண்ணெய் மாற்றிய மாதத்தையும் எழுதி மாமாவின் சன்வைசருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அடுத்து எந்தப் போமென் பார்த்தாலும், கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன் ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டும்.

பெடல் இப்போது முன்பைவிட ஆறில் ஒரு பங்கு கனம். கணக்குப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். மாமாவுக்கு முட்டி வலி உண்டு, அதனால் 7/8ஐயே போட்டு மேல் பம்பைப் பெரிதாக்கலாமா என்று கேட்டார். மேலே பெரிதாக்கினாலும் பாரம் அதே அளவுக்கு வந்துவிடும், தூரமும் பாரமும் சேர்ந்தேதான் வரும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். தாளை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார்.